மலைவேம்பின் மேற்குப் பக்கம்

சியென் யூ-ஷியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல் சிவக்கும். அப்புறம் குரல் தாழும். கத்துகிற பெண்பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற ஆட்கள்கூட அவளுடைய அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். புதாய் கடலோரத்தில் சிப்பி வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். உப்புக்காற்றில் வளர்ந்தவளுக்கு நாக்கில் உப்பு கொஞ்சம் கூடுதல்தான் என்று அவள் அண்ணனே சொல்வான்.

சியாயீ நகரில் அவளும் அவள் கணவனும் கல்யாணப் படக்கடை நடத்தினார்கள். பெயர்ப்பலகையில் கணவன் பெயர் மட்டும்தான். கடைக்குள் விளக்கு வைத்து எடுக்கிற படமெல்லாம் அவனுடையது. அவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்பதால் கடற்கரையில், உப்பளத்தில், கரும்புத் தோட்டத்தில் எடுத்ததெல்லாம் அவளுடையது. ஆனால் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது அவன். ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"கடைக்கு ஒரு பேருதானே இருக்க முடியும்?" என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமல்.

அவள் மறுபடி கேட்கவில்லை. மறக்கவும் இல்லை.

நெஞ்சுவலியில் அவன் போய்ச் சேர்ந்த மறுவருடம் கடையை விற்றாள். வெள்ளைக் கவுன்கள், முகத்திரைகள், காகிதப் பூக்கள், எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பறவைப் படம் எடுக்கிறவர்கள் 'பீரங்கி' என்று சொல்கிற நீண்ட லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தாள். தைபேயிலிருந்து மகள் ஃபோனில் அலறினாள்.

"அம்மா, அந்தக் காசுக்குக் கார் வாங்கியிருக்கலாம்!"

"காரைக் காட்டினா பருந்து நின்னு போஸ் குடுக்குமா?"

"பருந்தா? உனக்கு எதுக்கும்மா பருந்து?"

"அதுங்களை 'கொஞ்சம் சிரிங்க'ன்னு கெஞ்ச வேண்டாம்டி."

அது உண்மையான காரணம்தான். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களைச் சிரிக்கச் சொல்லி அலுத்துப் போனவள் அவள். காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சிவந்த கண்ணால் தரையை முறைக்கிற கருந்தோள் பருந்தை முதன்முதலாக லென்ஸ் வழியாகப் பார்த்த அன்று, தன்னைப்போல் முகம் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம்.

படம் எடுக்கிற கூட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டவர் தூ வென்-லுங். டயர் கடை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்துவிட்ட மனிதர். தடித்த கை, பெரிய சிரிப்பு. ஆண்கள் மட்டுமே கேமராவை முக்காலியில் நிறுத்தி உட்கார்ந்திருந்த வரிசையில், "அந்தம்மாவுக்கு இடம் விடுங்கப்பா" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டவர் அவர்தான். அவளுக்கு முழங்கால் வீங்கிய குளிர்காலத்தில் அவளுடைய முக்காலியையும் சேர்த்துத் தோளில் சுமந்து வந்தார். தேநீரில் வேகவைத்த முட்டை கொண்டுவந்தால் அவளுக்கு இரண்டு எடுத்து வைப்பார். அவளும் அவரை 'தூ அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். மற்றவர்களுக்கெல்லாம் அவள் ஷியா அக்கா. அவருக்கு மட்டும் வெறும் ஷியா.

அந்த வருடம் கூடு கட்டிய பருந்து ஜோடியைக் கண்டுபிடித்தவள் யூ-ஷியா. கடலைக்காட்டு நடுவில் தனியாக ஒரு மலைவேம்பு. அதிகம் உயரமில்லாத மரம். ஆண் பருந்து குச்சி தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பின்னாலேயே போய், வரப்பில் நின்று இலைகளுக்குள் கண்ணை ஓட்டி, கூடு கட்டுகிறது என்று தெரிந்துகொண்டாள். காட்டுக்குச் சொந்தக்காரன் கோங் சின்-தியென். நாற்பதைத் தாண்டியவன், மூன்று வாக்கியம் பேசினால் ஒன்று வசவு. எலி பிடிக்கிற பறவை என்று கேட்டதும், "இருந்துட்டுப் போகட்டும் அக்கா, என் கடலைக்கு நல்லது" என்றான்.

அந்த இடத்தை அவள் தூ அண்ணனிடம் மட்டும் சொன்னாள்.

"யாருக்கும் சொல்லக்கூடாது அண்ணே."

"என் வாயில பூட்டுப் போட்டாச்சு" என்று உதட்டில் சாவி திருகிக் காட்டினார் அவர்.

குஞ்சு பொரித்த வாரத்தில் அவள் போனபோது, சின்-தியெனின் வண்டிப்பாதை நெடுகக் கார்கள். வரப்பில் முக்காலிகள் வேலி போட்டதுபோல் நின்றன. பச்சையும் பழுப்புமாகத் துணி சுற்றிய பீரங்கிகள் அத்தனையும் மலைவேம்பை நோக்கித் தலை நீட்டியிருந்தன. நடுவில் தூ அண்ணன், முட்டைப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.

"ஏய் ஷியா! வா வா, உனக்கு நடுவுல இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

"பூட்டு என்ன ஆச்சு அண்ணே?"

"அட, ரெண்டு பேருக்குச் சொன்னேன். அவனுங்க ரெண்டு ரெண்டு பேருக்குச் சொல்லிட்டானுங்க. நம்ம பசங்கதானே!"

காது சிவந்தது. ஆனால் அன்று அவளும் முக்காலியைத்தான் விரித்தாள். இடத்தைச் சொன்னவளே தான்தான் என்கிற எரிச்சல் அவளுக்குள்ளேயே திரும்பிக் குத்தியது. இலைகளுக்குள் கூடு பாதிதான் தெரிந்தது. மூன்று குஞ்சுகளின் தலைகள் எப்போதாவது எட்டிப் பார்த்தன. வரிசையில் முனகல். "ஒரு இலை மூக்கை மறைக்குதப்பா." "இதை எங்க கொண்டுபோய்ப் போடறது, கீரைக்கட்டு மாதிரி இருக்கு." தூ அண்ணன் சிரித்துக்கொண்டே, "பொறுமை, பொறுமை" என்றார்.

இரண்டு நாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியவள் காரை விட்டு இறங்கும்போதே மரம் மாறிப்போயிருப்பதைக் கண்டாள். மேற்குப் பக்கம் மொட்டையாக இருந்தது. கிளைகள் வெட்டப்பட்ட இடங்கள் புது எலும்புபோல் வெளுத்துத் தெரிந்தன. கூடு தட்டில் வைத்துப் பரிமாறியதுபோல் திறந்து கிடந்தது. பிற்பகல் வெயில் படம் எடுக்கிறவர்களின் முதுகைத் தாண்டி நேராகக் கூட்டுக்குள் இறங்கியது. படத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. வரிசையில் எல்லோர் முகத்திலும் திருப்தி.

அவள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராகப் போய் தூ அண்ணன் முன்னால் நின்றாள்.

"யாரு வெட்டினது?"

"கொஞ்சம் ஒதுக்கினேன், அவ்வளவுதான். நீளக் கம்புல ரம்பம் கட்டி, அம்மாப் பறவை இரை தேடப் போன நேரத்துல. அதுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதா? அதோட வீட்டுக் கூரை அண்ணே அது."

"ஷியா, மரம் ரெண்டு மாசத்துல தழைச்சிடும்."

"குஞ்சு ரெண்டு மாசம் காத்திருக்குமா? மணிக்கணக்கா அந்த வெயில்ல நீங்க தொப்பியைக் கழட்டிட்டு உட்காருங்க பார்ப்போம்."

பக்கத்தில் இருந்த ஒருவன், "ஷியா அக்கா, தள்ளி நில்லுங்க, சட்டகத்துல விழறீங்க" என்றான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பித்தான்.

வீட்டுக்குப் போய் மாவட்ட அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். வெட்டினதைப் பார்த்தீர்களா, பார்க்கவில்லை என்றால் சாட்சி யார், சரி, அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம். "அடுத்த வாரம் வந்து எலும்பைப் பொறுக்கவா?" என்று கேட்டுவிட்டு யூ-ஷியா ஃபோனை வைத்தாள்.

மறுநாள் மேகமே இல்லை. மதியம் சாய்ந்ததும் தாய்ப் பருந்து கூட்டின் விளிம்பில், இரண்டு சிறகுகளையும் விரித்து நின்றது. வாய் பிளந்து மூச்சு வாங்கியது. விரித்த சிறகு நடுங்கியது. கீழே குஞ்சுகள் அதன் நிழலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி மழை விழுவதுபோல் வரிசை முழுக்க ஷட்டர் சத்தம்.

"அம்மான்னா அம்மாதான்" என்றார் தூ அண்ணன். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர். "பாரு ஷியா, தன் உடம்பையே குடையாக்கி நிக்குது. இதுக்காகத்தான் நான் தினம் வந்து கிடந்தேன்."

அடிக்கிறவனைவிட, அடித்துவிட்டு அழுகிறவனைத்தான் யூ-ஷியாவால் தாங்க முடியவில்லை. அவளுடைய பீரங்கி காரிலேயே இருந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோது மூன்று குஞ்சுகளில் சிறியதன் தலை கூட்டின் ஓரத்தில் தொங்கியது. அசையவில்லை. அந்த வரிசையில் யாரும் அதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்களா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று சாயங்காலமே சின்-தியென் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் இரவுச் சாப்பாட்டில் இருந்தான். கிண்ணத்தை வைக்காமலே கேட்டான். முழுதும் கேட்டதும் வைத்தான்.

"மரத்தையா வெட்டினானுங்க? என் மரத்தையா? வரப்பை மிதிச்சானுங்க, சும்மா இருந்தேன். கடலைச் செடிமேல நாற்காலி போட்டானுங்க, சும்மா இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டானுங்களா அந்த..." அதற்குப் பிறகு வந்ததை எழுத முடியாது.

"திட்டி முடிச்சிட்டியா தம்பி?"

"இன்னும் இருக்கு."

"மிச்சத்தை அப்புறம் வச்சுக்க. முலாம்பழப் பந்தலுக்குப் போடற நிழல்வலை இருக்கா உன்கிட்ட?"

"கறுப்பு வலை, பெரிய சுருட்டு ரெண்டு கிடக்கு."

"மூங்கிலுக்கு எங்க அண்ணன் இருக்கான்."

விடிகாலையில் அவள் அண்ணன் சிப்பிப் பந்தலுக்கு வைத்திருந்த நீளமான மூங்கில்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினான். அவற்றில் காய்ந்த சிப்பி ஓடுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிடித்த கையெல்லாம் கீறல். மரத்துக்கு மிக அருகில் போகக்கூடாது என்று யூ-ஷியா கோடு கிழித்துக் காட்டினாள். தாய்ப் பருந்து கத்திக்கொண்டு மேலே வட்டமிட்டால் மூவரும் வேலையைப் போட்டுவிட்டு லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அது கூட்டில் இறங்கியதும் மறுபடி வந்து குழி தோண்டினார்கள். மரத்துக்கு மேற்கே, கூட்டைவிட உயரமாக மூங்கில் நட்டு, குறுக்கே கட்டி, கறுப்பு வலையைத் தொங்கவிட்டார்கள். சூரியன் எந்தப் பக்கமாகக் கூட்டுக்கு வந்ததோ, அந்தப் பக்கமாகத்தான் பீரங்கிகளும் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரே வலை இரண்டையும் மறைத்தது.

மதியத்துக்கு மேல் கார்கள் வந்தன. ஒவ்வொருவராக இறங்கி, லென்ஸ் பையைத் தோளில் மாட்டி, நடந்து வந்து, வலையைப் பார்த்து நின்றார்கள். சினிமாக் கொட்டகைக்கு வந்தவர்கள் திரையைத் திருப்பிப் போட்டிருப்பதைப் பார்த்ததுபோல.

"என்ன இது?"

சின்-தியென் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னான். "என் கடலைக்கு நிழல் வேணும்னு தோணுச்சு."

"கடலைக்கு யாராவது நிழல் போடுவாங்களா?"

"எங்க கடலை கொஞ்சம் செல்லம்."

தூ அண்ணன் அவனைக் கவனிக்கவில்லை. யூ-ஷியாவைத்தான் பார்த்தார். அவர் முகம் சிவந்து போயிருந்தது.

"நீ செய்ற வேலையா இது? இவங்கல்லாம் தைச்சுங்லேர்ந்து, காவ்சியுங்லேர்ந்து வண்டி ஓட்டிட்டு வந்திருக்காங்க."

"வந்த வழியிலயே போகலாம். ரோடு அங்கயேதான் இருக்கு."

"உனக்குப் பொறாமை. நல்ல படம் எனக்குக் கிடைச்சிடுச்சுன்னு பொறாமை."

அவள் குரல் தாழ்ந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் கேட்பதற்காக முன்னால் வந்தார்கள்.

"நல்ல படம்தான் அண்ணே. அதுல ஒண்ணு செத்துக் கிடக்குது, பார்த்தீங்களா? கம்ப்யூட்டர்ல பெரிசாக்கிப் பாருங்க. இடது ஓரம். உங்க படம் தெளிவா இருக்கும், உங்களுக்குக் கை நடுங்காது. கண்ணெல்லாம் தெரியும்."

"குஞ்சு சாகறது இயற்கை! எந்தக் கூட்டுல எல்லாம் பொழைச்சிருக்கு?"

"ரம்பமும் இயற்கையா?"

தூ அண்ணன் வலையின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மூங்கில் ஆடியது. யூ-ஷியா அவர் மணிக்கட்டைப் பற்றினாள். தாய்ப் பருந்து கூட்டிலிருந்து கிளம்பிக் கீச்சென்று கத்தியது. ஒரு நொடி எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கேமராவைத் தூக்கினார்கள்.

"கையை விடு ஷியா."

"கயித்தை விடுங்க."

அவர் விட்டார். பயந்து அல்ல. அவளுடைய உள்ளங்கை ஈரமாக இருந்ததைக் குனிந்து பார்த்தார். சிப்பி ஓடு கிழித்த காயத்திலிருந்து வந்த ரத்தம் அவர் சட்டைக் கையில் பட்டிருந்தது. "பைத்தியக்காரி" என்று சொல்லிவிட்டு முக்காலியை மடக்கினார். ஒருவன் போலீஸைக் கூப்பிட்டான். வந்த காவலர் வலையைப் பார்த்தார், நிலம் யாருடையது என்று கேட்டார், கடலை எப்படி விளைந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலைக்குள் கூட்டத்தின் அரட்டைக் குழுவிலிருந்து யூ-ஷியாவை நீக்கிவிட்டார்கள். நீக்குவதற்கு முன் எழுதியதையெல்லாம் அவள் படித்திருந்தாள். புருஷனை இழந்தவள், வேறு வேலை இல்லாதவள், மாதவிடாய் நின்ற கோளாறு. அவளுடைய கோபத்துக்கு அவர்கள் தேடாத காரணம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

வலை கட்டியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டாவது குஞ்சு ஏற்கெனவே வாடிப்போயிருந்தது. அடுத்த நாட்களில் அதுவும் போயிற்று. கடைசியாக மிஞ்சிய ஒன்று பிழைத்தது. அது முதன்முதலாகக் கூட்டை விட்டுத் தாவி, சின்-தியெனின் தண்ணீர்க் குழாய்மேல் தடுமாறி உட்கார்ந்து, பிறகு எழும்பி மின்கம்பி வரை போனதை அவளும் சின்-தியெனும் பார்த்தார்கள். அவள் கையில் கேமரா இல்லை. சின்-தியென் மட்டும் கைபேசியில் எடுத்தான். பார்த்தால் வானத்தில் ஒரு புள்ளி. "இது என்னக்கா, கொசு மாதிரி இருக்கு" என்றான். அவள் அன்றைக்குத்தான் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

இலையுதிர்காலத்தில் நகரக் கலையரங்கத்தில் பறவைப் படக் கண்காட்சி வைத்தார்கள். நுழைந்ததும் எதிர்ச்சுவரில், ஆள் உயரத்துக்கு, சிறகு விரித்து நிற்கும் தாய்ப் பருந்து. கீழே 'தாயின் குடை' என்று எழுதி முதல் பரிசு அட்டை ஒட்டியிருந்தது. இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. குஞ்சுகள் இரண்டுதான்.

யூ-ஷியா அழைப்பில்லாமல் போயிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் தூ வென்-லுங் கோட்டுப் போட்டுக்கொண்டு, மாலையோடு, தன் அம்மா மழையில் கரும்பு வெட்டித் தன்னைப் படிக்கவைத்த கதையைச் சொன்னார். நல்ல கதை. பொய்யும் அல்ல. முன்வரிசையில் அவர் மனைவி லியூ-சின் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். கைதட்டல் ஓய்ந்தபோது யூ-ஷியா எழுந்தாள்.

"ஒரு கேள்வி அண்ணே. அந்தத் தாய்க்கு வெயில் எங்கிருந்து வந்தது?"

அரங்கம் திரும்பியது. தூ அண்ணனுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. ஒலிவாங்கியைப் பிடித்த கை இறங்கியது.

"மேற்குப் பக்கக் கிளையை யாரு வெட்டினது? மூணாவது குஞ்சு எங்க? படத்துல இடது பக்கம் இருந்துச்சே, அதை யாரு வெட்டினது?"

நிர்வாகி ஓடிவந்து அவள் முழங்கையைத் தொட்டார். "அம்மா, இது பரிசளிப்பு விழா."

"எனக்குத் தெரியும். நானும் இருபத்தஞ்சு வருஷம் விழா படம் எடுத்தவதான். நானே போறேன், பிடிக்காதீங்க."

யாரும் அவளுக்காகக் கைதட்டவில்லை. பரிசைத் திரும்ப வாங்கவும் இல்லை. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் தூ அண்ணனின் படமும் அம்மா கதையும்தான் வந்தன. அன்று வெளியே வாகன நிறுத்தத்தில் அவள் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாவி போடாமல் வெகுநேரம் இருந்தாள். கோபம் இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

சில வாரம் கழித்து லியூ-சின் ஃபோன் பண்ணினாள். இருவரும் அதுவரை தேநீர் முட்டையைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை.

"ஷியா, சுத்தி வளைக்காம கேக்கறேன். நீ அன்னைக்குச் சொன்னது நெஜமா?"

"நெஜம் அண்ணி."

"அவரு தினம் போய்க் காத்துக் கிடந்து எடுத்தேன்னாரு."

"காத்துக் கிடந்ததும் நெஜம்தான்."

லியூ-சின் சொன்னாள். "ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவ நான். பொறந்து ஒரு வாரத்துல ஒண்ணு, வயித்துலயே ஒண்ணு. அவருக்குத் தெரியும். அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசைக்கு நேரா மாட்டி வச்சிருக்காரு." ஃபோனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் யூ-ஷியா சிப்பிக் கஞ்சி காய்ச்சி, மேலே பொடியாகச் செலரிக் கீரை தூவி, மேசையில் உட்கார்ந்த நேரத்தில் கைபேசி அடித்தது. தூ வென்-லுங்.

"என் வீட்டுக்காரி படத்தைக் கழட்டிட்டா! கழட்டி, சட்டத்தை உடைச்சு, கோழிக் கூண்டுக்கு மேல மழைக்குக் கூரையாப் போட்டிருக்கா! முதல் பரிசு வாங்கின படம்! நீதானே காரணம்? குடும்பத்துக்குள்ள நெருப்பை அள்ளிப் போட்டுட்டே! உன்னை வரிசையில சேர்த்தது யாரு? உன் முக்காலியைத் தூக்கினது யாரு? நன்றி கெட்ட..."

அவள் ஒலிபெருக்கியை அழுத்தி, கைபேசியை ஊறுகாய்ப் பாட்டில்மேல் சாய்த்து வைத்தாள். கரண்டியால் கஞ்சியை அள்ளி ஊதினாள். சிப்பி பதமாக வெந்திருந்தது. எதிர்ப்பக்கம் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அவளுக்கு ஆச்சரியம். தன்னைத் தவிர இன்னொருவர் இவ்வளவு நேரம் கோபப்பட்டு அவள் கேட்டதே இல்லை. பாதிக் கிண்ணம் காலியானபோது அவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"முடிஞ்சுதா அண்ணே?"

"இல்ல!"

"சரி, சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அவள் இன்னொரு கரண்டி அள்ளினாள்.